மறு: கலைச்சொல் தேவை – பொத்தானை அழுத்தியே சேனல் ஏற்றும் வாக்கி-டாக்கி

ந. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

அமெச்சூர் வானொலித் தேர்வுக்குப் படிப்போருக்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘எந்தக் கருவியை வாங்கலாம்’ என்ற அத்தியாயத்தில் ஓர் அட்டவணைத் தலைப்பு இடிக்கிறது. கணினியோ கேபிளோ இல்லாமல், முகப்பிலுள்ள பொத்தான்களாலேயே சேனல்களை ஏற்றிக்கொள்ளும் கையடக்கக் கருவிக்கு ஒரு சொல் வேண்டும். வரைவில் ‘விசைப்பலகைவழி நிரலாக்கத்தக்க கையடக்க இருவழி வானொலி’ என்று போட்டிருக்கிறேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை.

பெ. எழுதியது:

ஐயா, வினைத்தொகை இருக்க ‘தக்க’ எதற்கு? ‘விசைப்பதி வானொலி’ எனலாம். விசையால் பதிந்த, பதிகிற, பதியும் வானொலி, முக்காலமும் அடங்கிவிடும். வானொலி பதிவதில்லை, அதில்தான் பதிகிறோம் என்று யாரும் மறுக்க வேண்டாம். குடிநீர் தானாகக் குடிப்பதில்லை. சுடுசோறு, குடிநீர் என வினைத்தொகை எல்லா உறவையும் தாங்கும்.

‘பதி’ பிடிக்காவிட்டால் ‘பொறி’ இருக்கிறது. கல்லில் பொறித்தார்கள், கொடியில் பொறித்தார்கள். ‘பொறிவாயில் ஐந்தவித்தான்’ என்ற குறளில் புலனுறுப்பு. இயந்திரமும் பொறிதான், தீப்பொறியும் பொறிதான். எழுதுவதும் எழுதப்படும் கருவியும் ஒரே வேரில் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்? ‘விசைப்பொறி’!

கு. எழுதியது:

‘விசைப்பொறி’ என்றால் கடைக்காரர் எலிப்பொறியைத்தான் எடுத்துக் காட்டுவார். சொல் எதைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம்.

பொத்தான் இருப்பது வேறு, பொத்தானால் சேனல் ஏற்ற முடிவது வேறு. வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான். பாவ்ஃபெங் பிஎஃப்-888எஸ்ஸில் எண் பொத்தான்களும் திரையும் இல்லை. 16 சேனலையும் கேபிள் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். இது பார்த்தாலே தெரியும். ஆனால் வணிகத்துக்கென விற்கும் பல கருவிகளில் 12 பொத்தானும் இருக்கும். அவை டயல் ஒலி அனுப்பவும் பட்டியல் பார்க்கவும் மட்டுமே. அதிர்வெண்ணைத் தட்டினால் ஏற்காது. பயனர் தாமே முகப்பிலிருந்து அதிர்வெண்ணை மாற்றும்படியான கருவிகளுக்கு அனுமதி தருவதை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் 90ஆம் பகுதி விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அதனால் தயாரிப்பாளர்களே பூட்டிவிடுகிறார்கள். அதே நாட்டில் காட்டுத்தீ அணைக்கும் அணிகளுக்கு ஒவ்வொரு தீக்கும் அதிர்வெண் திட்டம் மாறும் என்பதால், களத்திலேயே பொத்தானால் ஏற்றக்கூடிய பெண்டிக்ஸ் கிங் கருவிகளை நெடுங்காலமாக வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் உரிமம் வேண்டாத 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கியில் சேனல்கள் தொழிற்சாலையிலேயே அமைத்தவை. அதையும் இந்தக் கட்டத்தில் போட்டுவிடாதீர்கள்.

ஆகவே ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும்.

த. எழுதியது:

வகுப்பில் சொல்லித்தருகிற முறையை எழுதுகிறேன். எந்த வினைச்சொல் பொருந்தும் என்று பார்க்க உதவும். கருவி பாவ்ஃபெங் யுவி-5ஆர். ரிப்பீட்டர் (ஓர் அதிர்வெண்ணில் கேட்பதை இன்னொன்றில் திரும்ப அனுப்பும் நிலையம்) வெளியீடு 145.650 மெகாஹெர்ட்ஸ், உள்ளீடு 600 கிலோஹெர்ட்ஸ் கீழே 145.050 என்று வைத்துக்கொள்வோம்.

அதிர்வெண்ணை நேரடியாகத் தட்டும் விஎஃப்ஓ நிலைக்கு வந்து திரையின் மேல்வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெனு 7இல் இரட்டைக் கண்காணிப்பை அணைக்க வேண்டும். அந்த எண்ணில் பழைய சேனல் இருந்தால் மெனு 28இல் முதலில் அழிக்க வேண்டும், மேலே எழுதவிடாது. 145650 தட்டி, ரிப்பீட்டரைத் திறக்கும் தொனி வேண்டுமானால் மெனு 13இல் வைத்து, மெனு 27இல் சேனல் எண்ணைக் கொடுத்தால் ‘ரிசீவிங் மெமரி’ என்று கருவியே சொல்லும். வெளியே வந்து 145050 தட்டி, அதே மெனு 27, அதே சேனல் எண். இப்போது ‘டிரான்ஸ்மிட்டிங் மெமரி’ என்று சொல்லும்.

இரண்டாவது முறையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்போது ரிப்பீட்டர் நன்றாகக் கேட்கும். நாம் அழுத்திப் பேசினால் அதன் வெளியீட்டு அதிர்வெண்ணிலேயே போகும், ரிப்பீட்டர் திறக்காது. ஆன்டெனாதான் கோளாறு என்று நினைத்துக் கழற்றிப் பார்ப்பார்கள். இன்னொன்று: மெனு 0வில் படி 5 கிலோஹெர்ட்ஸாக இருந்தால் 145.6125 போன்ற எண் நிற்காது, 12.5க்கு மாற்ற வேண்டும்.

யேசு எஃப்டி-60ஆரில் இவ்வளவு இல்லை: அதிர்வெண்ணைத் தட்டி, எஃப்/டபிள்யூ பொத்தானை ஒரு நொடி அழுத்திப் பிடித்து, குமிழைத் திருகிச் சேனலைத் தேர்ந்து, மறுபடி அதே பொத்தான். சேனலுக்குப் பெயரும் அதிலேயே வைக்கலாம். யுவி-5ஆரில் பெயர் வைக்கக் கணினி வேண்டும். அதற்கு வாங்கும் மலிவுக் கேபிளில் ப்ரொலிஃபிக் நிறுவனச் சில்லின் போலி இருந்தால் விண்டோஸின் புதிய டிரைவர் அதை மறுத்துவிடும்.

இதில் ‘பதி’ என்று எழுதினால் மாணவர்கள் ஒலிப்பதிவு என்றே எடுத்துக்கொள்வார்கள். பேச்சைப் பதிவு செய்யும் வாக்கி-டாக்கியா என்ற கேள்வி கட்டாயம் வரும்.

யா. எழுதியது:

இலங்கைப் பாடநூல்களில் அதிர்வெண் ‘மீடிறன்’, விசைப்பலகை ‘சாவிப்பலகை’, நிரலாக்கம் ‘செய்நிரலாக்கம்’. கையேடு எங்கட பிள்ளைகளுக்கும் போகுமெண்டால் ‘விசை’ சிக்கல். பௌதிகத்தில விசை வேற. இரு வழக்குக்கும் பொதுவாய் ஒண்டு பாருங்கோ.

பெ. எழுதியது:

சாவியும் போர்த்துக்கீசியம், பொத்தானும் போர்த்துக்கீசியம். இரண்டையும் கலைச்சொல்லில் ஏற்ற எனக்கு மனமில்லை. கையேட்டை வாசிக்கிற பிள்ளை நாளை இன்னொரு கையேடு எழுதும். அங்கேயும் இதே சொல்தான் போகும்.

‘பதி’ மீதான தடையை ஏற்கிறேன். அப்படியானால் ‘நிரல்’ என்பதையே மீட்போம். கணினிக்காரர்கள் அதைக் கட்டளைத் தொகுதி என்று குறுக்கிவிட்டார்கள். நிரல் என்றால் வரிசை. நிரல்நிறை அணியில் பெயர்கள் ஒரு வரிசை, வினைகள் ஒரு வரிசை, ஒன்றுக்கொன்று நேர். த. காட்டியதும் அதுதானே? சேனல் எண், கேட்கும் அதிர்வெண், பேசும் அதிர்வெண், தொனி என்று நிரலாக நிற்கின்றன. இங்கே யாரும் மென்பொருள் எழுதவில்லை, நிரலில் இடுகிறோம். ‘நிரலிடல்’.

கு. எழுதியது:

நிரலிடல் நன்று, ஏற்கிறேன். ஆனால் பொத்தானை விட முடியாது. குழாயடிப் பேச்சிலும் சட்டையிலும் மின்தூக்கியிலும் இருக்கிற சொல் அது. ‘விசையை அழுத்துக’ என்று எழுதினால் எதை அழுத்துவது என்று தேடுவார்கள். வெள்ளத்திலும் புயலிலும் மின்சாரம் போன இடத்தில் திறந்து படிக்க வேண்டிய பக்கம் இது.

ந. எழுதியது:

நேரமில்லை, இப்படிப் போடுகிறேன். தலைப்பு ‘நிரலிடும் முறை’. கீழே மூன்று: ‘பொத்தானிலேயே’, ‘கணினியால் மட்டும்’, ‘பொத்தான் உண்டு, நிரலிட இயலாது’. தொழிற்சாலையில் அமைத்தவற்றுக்குத் தனி வரி. கருவிக்குக் ‘கைவானொலி’, முதல் இடத்தில் மட்டும் ‘வாக்கி-டாக்கி’ சேர்த்து. அதிர்வெண்ணுக்கு அடிக்குறிப்பில் மீடிறன். கு., த., யா. மூவரும் சரி என்கிறார்கள்.

பெ. எழுதியது:

பெரும்பான்மை அப்படியென்றால் அச்சிடுங்கள். ‘பொத்தான்’ பற்றிய என் மறுப்பைக் குழுவின் சொற்பட்டியலில் குறித்துவையுங்கள். ‘குமிழ்’ எஃப்டி-60ஆரின் திருகிக்குப் போய்விட்டதால் அதைக் கேட்கவில்லை. ‘அழுத்தி’ என்பதை அடுத்த பதிப்புக்குப் பரிசீலிக்க வேண்டும்.

யா. எழுதியது:

கைவானொலி எண்டால் இங்க சின்ன ரேடியோப் பெட்டி. பாட்டுக் கேக்கிறது. அதையும் குறிச்சு வையுங்கோ.