ஆங்கிலச் சொற்களில் எது நவுன், எது வெர்ப், எது அட்ஜெக்டிவ்?

திருப்பூர் அப்பா:
ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஒரு பக்கம் நிறைய ஆங்கிலச் சொற்கள் கொடுத்து, நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ் என்று மூன்று கட்டத்தில் பிரித்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். டேபிள், ஈட், ஹேப்பி எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டாள். வாட்டர், க்ளீன், ஃபாஸ்ட், ரெக்கார்ட், ஃப்ரெண்ட்லி ஆகியவைதான் இடிக்கின்றன. வாட்டர் நவுன்தானே என்றால், "வாட்டர் தி ப்ளான்ட்ஸ்னு பாடத்துலயே இருக்கேப்பா" என்று மடக்குகிறாள். நான் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், இலக்கணமெல்லாம் பள்ளியோடு சரி. சொல்லைப் பார்த்ததும் கண்டுபிடிக்க வழி உண்டா?

டியூஷன் அக்கா:
உங்கள் மகள் கேட்டது நியாயம் சார். வாக்கியம் தராமல் இப்படிச் சொற்களை மட்டும் கொடுப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். தமிழில் 'படி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் மாடிப்படியா, புத்தகத்தைப் படிக்கச் சொல்வதா என்று எப்படிச் சொல்வீர்கள்?

என்னிடம் வரும் பிள்ளைகளை ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று கேள்விகளைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். முன்னால் 'தி' போட்டுத் தனியாக நிற்கிறதா? நவுன். நேற்று நடந்ததாக மாற்ற முடிகிறதா? வெர்ப். 'வெரி' ஏற்கிறதா, பின்னால் ஒரு நவுன் வருகிறதா? அட்ஜெக்டிவ். க்ளீனுக்குப் போட்டுப் பாருங்கள்: வெரி க்ளீன் ரூம், ஷீ க்ளீன்ட் தி ரூம். இரண்டு கட்டத்திலும் எழுதலாம். ஃபாஸ்ட் இன்னும் மோசம். ஃபாஸ்ட் ட்ரெய்னில் அட்ஜெக்டிவ், பாட்டி வெள்ளிக்கிழமை விரதம் இருந்தால் வெர்ப், அந்த விரதமே நவுன். ரன் ஃபாஸ்ட் என்றால் எப்படி ஓடுவது என்று சொல்லும் அட்வெர்ப் (வினையடை), அதற்கு உங்கள் தாளில் கட்டமே இல்லை!

ரெக்கார்டைக் காதால் பிரிக்கலாம். 'ரெ'வை அழுத்தினால் நவுன். 'ரிகார்ட்' என்று பின்பகுதியை அழுத்தினால் வெர்ப்.

போட்டித் தேர்வு தம்பி:
அக்கா சொல்வது சரி, ஆனால் தேர்வறையில் வால் பார்த்தால் வேகமாக முடியும். நெஸ், மென்ட் என்று முடிந்தால் பெரும்பாலும் நவுன், லெஸ், அஸ் என்றால் அட்ஜெக்டிவ், ஃபை என்றால் வெர்ப். 'லி' வந்தால் அட்வெர்ப்.

டியூஷன் அக்கா:
தம்பி, அந்த லி-யில்தான் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். லி-யை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். க்விக்லி-யில் க்விக் அட்ஜெக்டிவ், அதனால் முழுச்சொல் அட்வெர்ப். ஃப்ரெண்ட்லி-யில் மிஞ்சுவது ஃப்ரெண்ட் என்ற நவுன், ஆகவே அது அட்ஜெக்டிவ். லவ்லி, காஸ்ட்லி எல்லாம் அந்தக் கூட்டம்தான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஒரு சின்னக் குறுக்கீடு. அட்ஜெக்டிவை உரிச்சொல் என்று பிள்ளைக்குச் சொல்லித் தராதீர்கள், பெயரடை என்று சொல்லுங்கள். சால, நனி, தவ போன்ற நம் உரிச்சொற்கள் வினைக்கு முன்னாலும் வரும். 'சாலச் சிறந்தது' என்கிறோமே.

திருப்பூர் அப்பா:
ரொம்ப நன்றி. க்ளீனை இரண்டு கட்டத்திலும் எழுதி, பக்கத்தில் வாக்கியமும் எழுதிவிட்டாள். அடுத்து ஒன்று கேட்கிறாள் அக்கா: ஸ்கூல் பஸ்ஸில் வரும் ஸ்கூல் அட்ஜெக்டிவா?

டியூஷன் அக்கா:
நவுன்தான், இன்னொரு நவுனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. வெரி ஸ்கூல் பஸ் என்று யாரும் சொல்வதில்லையே. மெயின் ரோடில் வரும் மெயினும் வெரியை ஏற்காது, ஆனாலும் அது அட்ஜெக்டிவ். அதை இப்போதைக்கு அவளிடம் சொல்லாதீர்கள், ராத்திரி தூங்கவிட மாட்டாள்.