லைட் மீட்டர் காட்டியபடி வைத்தும் மலைப் படங்கள் எல்லாம் இருட்டு – உதவி தேவை

மலைமுகடு:
கையில் பிடித்து அளக்கும் லைட் மீட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. அது காட்டிய அளவை அப்படியே கேமராவில் வைத்தேன். ரோல் முழுக்க இருட்டு, கடைசி இரண்டு படம் மட்டும் சரி. மீட்டர் பழுதா? நாளை மறுநாள் மறுபடி மலைக்குப் போகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

வெள்ளிமணி:
என்ன ஃபிலிம்? நெகட்டிவா, நேரடியாகப் படமாகவே வரும் ஸ்லைடா? மீட்டரின் வெள்ளைக் குமிழை வைத்து, அதன்மேல் விழும் வெளிச்சத்தை அளந்தீர்களா, இல்லை குமிழை விலக்கிவிட்டு மலையை நோக்கிப் பிடித்தீர்களா?

பழையரீல்:
வானம்தான் காரணம். மலையை நோக்கிப் பிடித்தால் வானமும் சேர்ந்து உள்ளே வரும். மீட்டர் எதையும் நடுச் சாம்பலாகத்தான் கணக்குப் போடும். பளீரென்ற வானம் சாம்பலானால் மலை கறுத்துவிடும். கொஞ்சம் தரைப்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள்.

மலைமுகடு:
ஸ்லைடு, வெல்வியா 50. குமிழ் வைத்துத்தான் அளந்தேன்.

பழையரீல்:
அப்படியானால் வானம் இல்லை. மீட்டரில் ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்வு எண்) 100 என்று கிடக்கிறதா பாருங்கள், உங்கள் ஃபிலிம் 50 என்பதால் அதிலேயே ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், போய்விடும். பழுதா என்று தெரிய, நல்ல வெயிலில் அளந்து பாருங்கள். ஐஎஸ்ஓ 50, லென்ஸ் துளை எஃப் 16 வைத்தால் 1/50 விநாடியை ஒட்டிக் காட்ட வேண்டும்.

ஒளியளவு:
அடிப்படையைப் படிக்காமல் கருவி வாங்கினால் இப்படித்தான். குமிழ் அளப்பது நீங்கள் நிற்கும் இடத்து வெளிச்சத்தை. நீங்கள் வெயிலிலும் மலை மேக நிழலிலும் இருந்தால் படம் இருட்டாகத்தான் வரும். இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன். இயற்கைக் காட்சிக்கு தூரத்துச் சின்ன இடத்தை மட்டும் அளக்கும் 1 டிகிரி ஸ்பாட் மீட்டர்தான் சரி. நிழலை அளந்து இரண்டு ஸ்டாப் குறையுங்கள்.

கறுப்புவெள்ளை:
அது நெகட்டிவுக்குச் சரி. ஸ்லைடில் வெளிச்சப் பகுதி வெளுத்தால் மீட்க முடியாது. விவரம் தெரிய வேண்டிய வெளிச்சமான இடத்தை அளந்து, ஒன்றரை ஸ்டாப் கூட்டுவதுதான் பாதுகாப்பு.

ஒளியளவு:
ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த, இருட்டு முதல் வெளிச்சம் வரை படிகளாகப் பிரித்து அளக்கும் ஸோன் சிஸ்டம் எல்லா ஃபிலிமுக்கும் பொருந்தும்.

கறுப்புவெள்ளை:
பொருந்தும், ஆனால் நிழலில் தொடங்கக் கூடாது. நெகட்டிவில் கழுவும் நேரத்தை மாற்றி வெளிச்சப் பகுதியை அடக்கலாம். ஸ்லைடில் அந்த வசதி எங்கே இருக்கிறது? அது தாங்குவதே சுமார் ஐந்து ஸ்டாப் வெளிச்ச வித்தியாசம்.

வெள்ளிமணி:
கேட்டவரை விட்டுவிட்டோமே. கடைசி இரண்டு படம் மட்டும் ஏன் சரியாக வந்தது? மலைமுகடு, அதற்கு முன் எதையாவது மாற்றினீர்களா? லென்ஸில் ஃபில்டர் இருந்ததா? லென்ஸ் வழியாக அளக்கும் கேமரா, ஃபில்டர் தின்னும் வெளிச்சத்தையும் சேர்த்தே கணக்கிடும். கை மீட்டருக்கு லென்ஸில் என்ன மாட்டியிருக்கிறது என்றே தெரியாது. பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் என்றால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை போகும். இரண்டு ஸ்டாப் என்று வைத்துக்கொண்டால், அது மாட்டியிருக்கும்வரை மீட்டரில் ஐஎஸ்ஓவை 12 ஆக்கி அளக்கலாம். கழற்றியதும் மறக்காமல் 50க்குத் திருப்புங்கள்.

மலைமுகடு:
போலரைசர்தான். சாயங்காலம் கழற்றிப் பைக்குள் வைத்த பிறகு எடுத்தவை அந்த இரண்டும். ஐஎஸ்ஓ 50தான் இருந்தது. ரொம்ப நன்றி, கிளம்புகிறேன்.

ஒளியளவு:
ஃபில்டர் இருப்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.