1802 லார்ஜ் சென்ட்டில் இருப்பது அச்சு மோதலா, வெறும் கீறலா?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி வேண்டும். போன வாரம் 1802ஆம் ஆண்டு டிரேப்ட் பஸ்ட் (துணி போர்த்திய லிபர்ட்டி பெண்ணுருவம் உள்ள) அமெரிக்கச் செப்பு சென்ட் ஒன்று கைக்கு வந்தது, எடை 10.7 கிராம், நிறம் நல்ல சாக்லேட் பழுப்பு. லிபர்ட்டியின் முகத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தில் இலைகள் மாதிரி வளைந்த கோடுகள் தெரிகின்றன. முதலில் கீறல் என்றுதான் நினைத்தேன், ஆனால் பின்பக்கப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாக்கி, தலைகீழாகத் திருப்பி மேலே வைத்துப் பார்த்தால் அங்குள்ள இலை மாலையோடு கிட்டத்தட்ட பொருந்துகிறது, ஆனால் அதே கோடுகள் கொஞ்சம் விலகி இரண்டாவது முறையும் தெரிவதுதான் குழப்பம். பிலடெல்பியா நாணய ஆலையில் அப்போது கையால் சுற்றும் திருகு அழுத்து இயந்திரம்தானே, இடையில் தகடு வைக்கத் தவறினால் இரண்டு அச்சுகளும் நேரடியாக முட்டிக்கொண்டு ஒன்றின் உருவம் மற்றதில் பதிந்துவிடும், அப்படி இரண்டு தடவை நடந்திருக்குமோ?

என் கேள்விகள்: 1802இல் இப்படி இரட்டை மோதல் உள்ள ஷெல்டன் எண் (எந்த அச்சு ஜோடியில் அடித்தது என்று காட்டும் வகை எண்) எது? இலை நுனிகளைத் தவிர வேறு எந்த இடத்தைப் பார்த்து உறுதி செய்வது? அப்புறம், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தும் படத்தில் கோடுகள் சரியாக விழவில்லை, விளக்கை எவ்வளவு தாழ்வாக வைக்கிறீர்கள்? நாணயத்தைச் சுத்தம் செய்யச் சொல்லாதீர்கள், அதைத் தொடப்போவதில்லை.