எல்விஜிஎல்லில் தமிழ் எழுத்து உடைகிறது, நிறமும் மாறுகிறது

வரப்போரம்:
கிணற்று மோட்டாருக்கு ஒரு சின்னத் திரை செய்கிறேன். ஈஎஸ்பி32 போர்டு, 320க்கு 240 புள்ளி ஐஎல்ஐ9341 திரை, திரையில் எழுத்தையும் பொத்தானையும் வரைய எல்விஜிஎல் 9.1 நிரல் தொகுப்பு. அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும் என்பதால் எல்லாம் தமிழில் வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை மாற்றிக்கொடுக்கும் கருவியில் போட்டு, தமிழ் யூனிகோடு பகுதி முழுவதையும் சேர்த்தேன். பில்டு பிழையில்லாமல் முடிந்தது. ஆனால் "மோட்டார் ஓடுகிறது" என்று எழுதினால், ம-வுக்குப் பின்னால் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து நிற்கின்றன, டு-வின் வால் ஒட்டவில்லை, ர்-இன் புள்ளி தள்ளிப் போய் நிற்கிறது. சிவப்புப் பொத்தான் வேறு நீலமாகத் தெரிகிறது. எங்கே தவறு?

ஆணிவேர்:
நிறத்துக்கு முதலில் பதில். பச்சையைக் காட்டிப் பாருங்கள். பச்சை பச்சையாகவே வந்தால், திரையைத் தொடங்கும்போது கொடுத்த ஆர்ஜிபி, பிஜிஆர் வரிசை (சிவப்பு முதலிலா, நீலம் முதலிலா என்பது) மாறியிருக்கிறது. பச்சை சிவப்பாக வந்தால் 16 பிட் நிறத்தின் இரண்டு பைட்டும் இடம் மாறிப் போகின்றன. 8ஆம் பதிப்பில் இதற்குக் கான்ஃபிக் கோப்பிலேயே ஒரு வரி இருந்தது. 9இல் எடுத்துவிட்டார்கள். வரைந்ததைத் திரைக்கு அனுப்பும் ஃப்ளஷ் கால்பேக்கில், எஸ்பிஐ இணைப்பு வழியாக அனுப்பும் முன், பைட்டுகளை இடம் மாற்றும் ஆர்ஜிபி565 ஸ்வாப் ஃபங்ஷனை நீங்களே அழைக்க வேண்டும்.

பனையோலை:
எழுத்து விஷயத்தில் நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. இதே இடத்தில் நானும் மூன்று வாரம் மாட்டிக்கொண்டிருந்தேன்.

கைபேசியில் தமிழ் சரியாக வருவது எழுத்துருவால் மட்டும் இல்லை. ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு நிரல் நடுவில் உட்கார்ந்து கொம்பை முன்னால் தள்ளி, ட-வையும் உகரத்தையும் சேர்த்து டு-வாக மாற்றித் தருகிறது. உங்கள் எல்விஜிஎல்லில் அரபிக்கும் பாரசீகத்துக்கும் எழுத்து இணைக்கும் வசதி உண்டு, தமிழுக்கு இல்லை. யூனிகோடு எண் வரும் வரிசையிலேயே படத்தை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிடும். ஓகாரக் குறிக்கு ஒரே எண் என்பதால் கொம்பும் காலும் சேர்ந்தே வந்து நிற்கின்றன.

யூனிகோடுக்கு முன்னால் நாம் பயன்படுத்திய டிஸ்கி குறியீட்டை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் அதில் எழுத்து சேமிக்கப்படும், கொம்பு முதலில், மெய் அப்புறம். கு, கூ வரிசைக்கும் புள்ளி வைத்த எழுத்துக்கும் தனித்தனி இடம் இருந்தது. சின்னத் திரைக்கு வேண்டியது அதுவேதான்.

நான் கணக்குப் போட்டது இப்படி. 18 மெய்க்கும் க, க், கி, கீ, கு, கூ என்று ஆறாறு, மொத்தம் 108. உயிர் 12, ஆய்தம் 1, துணைக்காலும் மூன்று கொம்பும் சேர்த்து 4. ஆக 125 (கிரந்தம் வேண்டுமென்றால் கூடும்). எழுத்துருவைத் திருத்தும் ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் அதைத் திறந்து, தனி எண் இல்லாத 90 எழுத்தையும் யூனிகோடில் எந்த மொழிக்கும் ஒதுக்காத தனிப்பயன் பகுதியில் வைத்தேன். சிலவற்றைப் புள்ளி சேர்த்து நானே அமைத்தேன். ண் மேல் புள்ளி நடுவில் உட்கார அரை நாள் ஆனது, ஆனால் அந்த அரை நாள் அவசியம். புள்ளி சரிந்த எழுத்தைத் தினமும் ஒருவர் படிக்கக் கூடாது.

24க்கு 24 புள்ளி, புள்ளிக்கு 4 பிட் என்றால் எழுத்துக்கு 288 பைட். 125க்கும் 36,000 பைட்தான், போர்டின் ஃபிளாஷ் நினைவகத்தில் தாராளமாக அடங்கும். வாக்கியங்களைக் கணினியிலேயே ஒரு பைத்தான் நிரல் வரிசை மாற்றி, போர்டு நிரலில் சேர்க்கும் ஹெடர் கோப்பாக எழுதட்டும். போர்டுக்கு அந்த வேலை வேண்டாம்.

ஆணிவேர்:
நாலைந்து வாக்கியம்தான் என்றால் படமாகவே மாற்றிப் போட்டுவிடலாமே?

பனையோலை:
போடலாம், வேகமாக முடியும். ஆனால் நாளைக்கு "வோல்டேஜ் குறைவு" என்று சேர்க்க நினைத்தால் மறுபடி படம் செய்ய வேண்டும். எழுத்துரு ஒருமுறை செய்தால் போதும்.

வரப்போரம்:
பச்சை சிவப்பாகத்தான் வந்தது, ஸ்வாப் போட்டதும் சரியானது. எழுத்துருவும் செய்துவிட்டேன், டு-வின் வால் ஒட்டிக்கொண்டது! ஒன்று மட்டும் மிச்சம். குறுகிய பொத்தானில் "நிறுத்திவைக்கப்பட்டுள்ளது" உடையும்போது வை-யின் கொம்பு மேல் வரியில் தனியாகத் தொங்குகிறது.

பனையோலை:
எல்விஜிஎல்லுக்குக் கொம்பும் ஓர் எழுத்துதான், அங்கேயே உடைக்கும். நிறுத்தி-க்குப் பிறகு நீங்களே வரியை முறித்துக் கொடுங்கள். அல்லது "நிற்கிறது" என்று போடுங்கள், அப்பாவுக்கு அது இன்னும் சீக்கிரம் புரியும்.