பாத்ரூம்ல தண்ணி நிக்குது, ஆசிட் ஊத்தியும் முடி அடைப்பு போகல. அடுத்து என்ன செய்யலாம்?

சத்துவாச்சாரி வாசி:
வணக்கம். வாடகை வீடு, தரைத்தளம், பழைய கட்டடம். ரெண்டு பக்கெட் ஊத்தினாலே பாதம் மூழ்குற அளவுக்குத் தண்ணி நின்னு, அப்புறம் மெதுவா இறங்குது. வீட்ல மூணு பேருக்கு நீள முடி. வாராவாரம் எண்ணெய்க் குளியல், சீயக்காய்த் தூள் வேற. போர் தண்ணி, பக்கெட்ல வெள்ளையா உப்பு படியும். தண்ணி போற ஓட்டை மேல இருக்கற ஜாலியை (சல்லடை மூடி) தூக்கினா உள்ளே முடி தெரியுது. நேத்து டாய்லெட் ஆசிட் ஊத்தினேன். நல்லா நுரைச்சுது, அவ்வளவுதான். கடைக்காரர் அடைப்பு பவுடர் ஒண்ணு தர்றேன்றார். போடலாமா?

காட்பாடி பிளம்பர்:
பவுடர் வேணாம் சார். ஆசிட் மிச்சம் உள்ளே நிக்கும்போது அதைப் போட்டா கொதிச்சு மூஞ்சில தெறிக்கும். முதல்ல நிறைய தண்ணி ஊத்தி அலசி விடுங்க, ஜன்னலைத் திறந்து வையுங்க. அப்புறம் வெளியே சேம்பர் (வீட்டுக் கழிவுத்தண்ணி வந்து சேர்ற சின்னத் தொட்டி) மூடியைத் தூக்கிப் பாருங்க. உள்ளே தண்ணி தேங்கி நிக்குதா, காஞ்சு கிடக்குதா? வாஷ்பேசின் தண்ணி ஒழுங்கா போகுதா?

குடியாத்தம் அக்கா:
ஆப்ப சோடாவும் வினிகரும் போட்டு மூடி வையுங்க தம்பி, பொங்கி எல்லாம் வந்துடும். செலவும் கம்மி.

ராணிப்பேட்டை தோல்காரன்:
அக்கா கோவிச்சுக்காதீங்க. அந்த ரெண்டும் கலந்தா ஒண்ணை ஒண்ணு முறிச்சுக்கும். மிஞ்சுறது வாயுவும் உப்புத் தண்ணியும்தான். முடிக்கு ஒண்ணும் ஆகாது.

ஆசிட் கதையும் அதுதான். நுரைச்சது முடி இல்ல தம்பி, உங்க போர் தண்ணி விட்ட சுண்ணாம்புப் படிவமும் டைல்ஸ் இடுக்கு சிமென்ட்டும். முடிங்கறது கெரட்டின்ங்கற புரதம், உள்ளே கந்தகப் பிணைப்பு இருக்கு. சாதாரண ஆசிட்டுக்கு அது சுலபமா அசையாது, சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா மாதிரி காரத்துக்குத்தான் கரையும். தோல் பதனிடற நாங்க தோல்ல இருந்து முடி எடுக்கறதே சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டுத்தான். ஆசிட்ல ஆகும்னா இவ்வளவு காலமா யாராவது சுண்ணாம்புக் குழியோட மல்லுக்கட்டுவாங்களா? அதே சல்பைடு தண்ணில ஆசிட் பட்டா விஷவாயு கிளம்பும். இந்தத் தொழில்ல அதுல உயிரே போயிருக்கு, அதனாலதான் கலக்காதீங்கன்னு சொல்றேன். ஆசிட் ஊத்தின இடத்துல பிளீச்சிங் பவுடரும் கூடாது, குளோரின் கிளம்பும்.

கடைல குடுக்கற பவுடர் பெரும்பாலும் காஸ்டிக் சோடா. அது முடியை அரிக்கும், உண்மைதான். ஆனா பந்தா சுருண்ட முடில மேலாப்புலதான் பிடிக்கும். தண்ணி நகராத இடத்துல அடியில கட்டியா உறைஞ்சும் போகும். அப்புறம் கையை விடற ஆள் பாடு திண்டாட்டம்.

சத்துவாச்சாரி வாசி:
சேம்பர் காஞ்சுதான் இருக்கு. பேசின் தண்ணி நல்லா போகுது, ஆனா பாத்ரூம் ஓட்டை வழியா கொஞ்சம் மேல எட்டிப் பாக்குது.

காட்பாடி பிளம்பர்:
அப்போ ரோட்டு லைன்ல பிரச்சனை இல்ல. பேசின் லைனும் நானி டிராப்லதான் (பாத்ரூம் தரை ஓட்டைக்குக் கீழே தண்ணி தேங்கற கிண்ணம்) சேருது, அடைப்பும் அதுலயோ அதைத் தாண்டின வளைவுலயோதான். ஜாலிக்குக் கீழே கவுத்து வெச்ச கப் மாதிரி ஒண்ணு இருக்கும். பழைய மாடல்ல கழட்ட வரும். முடி முக்கால்வாசி அதைச் சுத்தித்தான் இருக்கும். ரப்பர் கிளவுஸ் போட்டுக்கிட்டு கப்பைத் தூக்குங்க. கட்டுக்கம்பி நுனியைக் கொக்கி மாதிரி வளைச்சு, சுவரை ஒட்டி இறக்கி, சுத்திச் சுத்தி இழுங்க. குத்தாதீங்க, குத்தினா பந்து இன்னும் உள்ளே போயிடும். முடியோட சாம்பல் நிறத்துல கொழகொழன்னு வரும். சோப்பும் உப்புத் தண்ணியும் சேர்ந்த அழுக்கு அது. எண்ணெயும் சீயக்காய் மண்டியும் ஒட்டிக்கிட்டா கேக்கவே வேணாம். முடிஞ்சதும் வெந்நீர் ஊத்துங்க, கை பொறுக்கற சூடு போதும். கொதிக்கற தண்ணி பிவிசி பைப்பை இளக்கிடும்.

சத்துவாச்சாரி வாசி:
அண்ணே, வந்துடுச்சு! எலி வால் மாதிரி முழ நீளத்துக்கு. அம்மா பாத்துட்டு இன்னிக்கு ராத்திரி சாப்பாடே வேணாம்னுட்டாங்க. தண்ணி இப்போ சர்ருனு இறங்குது. ஆனா உள்ளே கப்புன்னு ஒண்ணுமே இல்ல. ரொம்ப நாளா சாக்கடை நாத்தமும் கரப்பானும் வந்துக்கினே இருந்தது அதனாலயா?

காட்பாடி பிளம்பர்:
அதேதான். முன்னாடி குடியிருந்தவங்க தண்ணி சீக்கிரம் போகட்டும்னு எடுத்து வீசியிருப்பாங்க, நிறைய வீட்ல பாக்கறேன். அந்தக் கப்தான் சுமார் 2 அங்குலம் தண்ணியைப் பிடிச்சு வெச்சு நாத்தத்தை மறிக்கிறது. டிராப் வாயோட உள் அகலத்தை அளந்துக்கிட்டு ஹார்ட்வேர் கடைல கேளுங்க, தனியாவே கிடைக்கும். மேலே சின்ன ஓட்டை ஜாலியா மாத்திடுங்க. எண்ணெய்க் குளியல் அன்னிக்கு முடியை மட்டும் கையால பொறுக்கிக் குப்பைல போடுங்க.

குடியாத்தம் அக்கா:
தம்பி, ஊருக்குப் போறதா இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டுப் போ. நம்ம மே மாச வெயிலுக்குக் கப் தண்ணி காஞ்சு, திரும்பி வந்தா வீடே நாறும். இது நிஜமாவே எனக்குத் தெரிஞ்ச விஷயம், தோல்காரர் வேணா பாத்துச் சொல்லட்டும்.

ராணிப்பேட்டை தோல்காரன்:
சரிதான் அக்கா. கூட ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டா மேல படலம் கட்டி இன்னும் மெதுவா காயும்.