எபிரேய, கிரேக்க இலக்கணம் உங்களுக்கு எப்போது பிடிபட்டது? – அனுபவப் பகிர்வு

இறையியல் கல்லூரியில் எபிரேயம் கற்ற முதல் ஆண்டில் என்னை மிகவும் வருத்தியது வினைத்திரிபு அன்று. எழுத்தின் வயிற்றுக்குள் இடப்படும் ஒரு சிறு புள்ளி. தாகேஷ் எனப்படும் அந்தப் புள்ளி இருந்தால் காஃப் என்ற எழுத்தை அழுத்தமான ககரமாகவும், இல்லாவிட்டால் தொண்டையில் உரசும் ஒலியாகவும் படிக்க வேண்டும். பேத், கிமெல், தாலெத், காஃப், பே, தாவ் ஆகிய ஆறு எழுத்துகளுக்கும் இந்த இரட்டைநிலை உண்டு. எங்கள் பாடநூல் இதை விதி, விதிவிலக்கு, விதிவிலக்குக்கு விதிவிலக்கு என்று அடுக்கியிருந்தது. நான் அனைத்தையும் மனப்பாடம் செய்தேன். தேர்வு முடிந்ததும் மறந்தேன்.

பின்னர் மொழியியல் வகுப்பில் ஒலியன் (பொருளை வேறுபடுத்தும் ஒலி), மாற்றொலி (இடத்துக்கேற்ப அதே ஒலி எடுக்கும் வடிவம்) என்ற பாடம் வந்தபோது ஆசிரியர் 'பகல்', 'பக்கம்' என்ற இரு சொற்களைப் பலகையில் எழுதி உரக்கப் படிக்கச் சொன்னார். உயிரொலிகளுக்கு இடையே தனித்து நிற்கும் ககரம் குழைகிறது. இரட்டித்தால் வலிமையோடு நிற்கிறது. சிறுவயது முதல் நான் சிந்திக்காமலே செய்துவந்ததைத்தான் எபிரேயமும் செய்கிறது என்பதை அந்த நிமிடத்தில் உணர்ந்தேன். அங்கும் உயிருக்குப் பின் வரும் ஒற்றை எழுத்து உரசொலியாகிறது. இரட்டித்தால் வெடிப்பொலியாகவே இருக்கிறது. நாம் எழுத்தில் காட்டாத வேறுபாட்டைத் திபேரியா நகரத்து மசோரெத்தியர், அதாவது எபிரேய வேதாகமத்தின் வாசிப்பைக் குறியிட்டுக் காத்த அறிஞர்கள், புள்ளியிட்டுக் காட்டினார்கள், அவ்வளவே.

ஆனால் என்னை உண்மையில் மலைக்கவைத்தது இரண்டாம் சங்கீதம். ஆறாம் வசனத்தில் 'என் ராஜா' என்பது 'மல்க்கீ'. இரண்டாம் வசனத்தில் 'பூமியின் ராஜாக்கள்' என்ற தொடரின் முதற்சொல் 'மல்ஃகே'. (உரசொலியை ஆய்தத்தால் குறித்திருக்கிறேன்.) இரண்டிலும் லகர மெய்க்குப் பின்தான் காஃப் வருகிறது; ஆனால் ஒன்றில் புள்ளி இருக்கிறது, மற்றதில் இல்லை. பாடநூல் இதை விதிவிலக்கு என்றது. வரலாற்று மொழியியலோ, ஒருமைச் சொல்லின் பழைய அடி 'மல்க்' என்பதால் அங்கே காஃபுக்கு முன் உயிர் இருந்ததே இல்லை என்றும், பன்மை அடியில் லகரத்துக்கும் காஃபுக்கும் நடுவே ஓர் உயிர் இருந்து பின்னர் மறைந்தது என்றும் விளக்குகிறது. உயிர் மறைந்துவிட்டது, அது உண்டாக்கிய குழைவு மட்டும் தங்கிவிட்டது. அன்று முதல் புள்ளியில்லாத ஒரு காஃபைக் காணும்போதெல்லாம் அதற்கு முன் இருந்த உயிரைத் தேடத் தொடங்கினேன். மனப்பாடம் தேவைப்படவில்லை.

மறுமொழி

சகோதரர் எபிரேயத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும் என் கிரேக்க அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. அயோரிஸ்த் என்ற வினைவடிவம் கணப்பொழுதில் ஒரே முறை நடந்து முடிந்த செயலையே குறிக்கும் என்று எனக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அதை நம்பிப் பல ஆண்டுகள் பிரசங்கக் குறிப்புகளில் 'இது ஒரே தரமாக நிகழ்ந்தது என்பதை மூலமொழி காட்டுகிறது' என்று எழுதிவந்தேன். எழுதியது வேதனை தருகிறது; அவற்றைக் கேட்டவர்கள் நம்பினார்களே.

அந்த நம்பிக்கையை உடைத்தது யோவான் 2:20. ஆலயத்தைக் கட்ட 46 ஆண்டுகள் ஆயின என்று யூதர்கள் சொல்லும் அந்த வசனத்தில் 'கட்டப்பட்டது' என்ற வினை அயோரிஸ்த் வடிவத்தில்தான் நிற்கிறது. வெளிப்படுத்தல் 20:4-இல் ஆயிரம் ஆண்டு அரசாண்டார்கள் என்பதும் அப்படியே. புதிய ஏற்பாட்டு அறிஞர் பிராங்க் ஸ்டாக் 1972-இலேயே இந்தத் தவறான பயன்பாட்டைக் கண்டித்துக் கட்டுரை எழுதியிருந்தார் என்பதைப் பிறகு அறிந்தேன். அயோரிஸ்த் என்ற பெயரின் பொருளே 'வரையறுக்கப்படாதது' என்பதுதான். செயல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை அந்த வடிவம் சொல்வதில்லை. பேசுபவர் செயலை முழுமையாக, வெளியிலிருந்து பார்க்கிறார் என்பதையே சொல்கிறது.

தமிழில் 'வீடு கட்டினார்கள்' என்றால் ஒரு மாதத்திலா பத்து ஆண்டுகளிலா என்று வினை சொல்லாது. 'கட்டிக்கொண்டிருந்தார்கள்' என்றால் வேலையின் நடுவே போய் நிற்கிறோம். கிரேக்க வினையை ஆராய்ந்த ஸ்டான்லி போர்ட்டர் 1989-இலும் பியூஸ்ட் ஃபானிங் 1990-இலும் வெளியிட்ட நூல்களில் இந்த நோக்கு விரிவாக வருகிறது. கிரேக்க வினைவடிவம் காலத்தையே காட்டுவதில்லை என்னும் அளவுக்குப் போர்ட்டர் செல்வதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனெனில் வினையின் முன்னே சேரும் எப்சிலோன் ('எ' என்ற கிரேக்க எழுத்து) இறந்தகாலத்தைச் சுட்டுவதாகவே எனக்குப் படுகிறது. ஆயினும் என் பழைய குறிப்பேடுகளில் 'ஒரே தரமாக' என்று வரும் இடங்களை இப்போது ஒவ்வொன்றாக அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.