டாக்சிஸ் 4.0 மேம்பாடு: கருவி தயாரிப்பாளர்களின் பங்கில் எதைப் பார்த்து வாங்குவது?

தாமிரபரணி:
அமெரிக்க கேபிள் நிறுவனங்கள் நெட்வொர்க்கை டாக்சிஸ் 4.0-க்கு (கேபிள் வழி இணையத்தின் புதிய தரநிலை) மாற்றி வருகின்றன. நோடு (தெருவில் ஃபைபரையும் கேபிளையும் இணைக்கும் பெட்டி), ஆம்ப்ளிஃபையர், ஆப்டிக்கல் கருவிகள் தரும் நிறுவனங்களின் பங்குகளை வாங்கலாமா? ஃபைபர் என்றதும் எனக்கு ஃபைபர் தயாரிக்கும் கார்னிங்தான் நினைவுக்கு வருகிறது. ஆர்டர் உண்மையில் யாருக்குப் போகிறது? காலாண்டு அறிக்கையில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்?

ஹெட்எண்ட்:
இந்தக் காரணத்துக்காகக் கார்னிங்கை வாங்காதீர்கள். அதன் ஆப்டிக்கல் விற்பனையை இப்போது தூக்கிவிடுவது டேட்டா சென்டர். கேபிள் நெட்வொர்க்கில் ஹெட்எண்டிலிருந்து (நிறுவனத்தின் மைய நிலையம்) தெரு நோடு வரை ஃபைபர் ஏற்கெனவே ஓடுகிறது. நோடிலிருந்து வீட்டுக்குக் கோஆக்சியல் (செம்புக் கேபிள்). இந்த வேலையில் பெரும்பாலும் பழைய இழை அப்படியே இருக்கும், இரு முனைக் கருவிகள்தான் மாறும். அனலாக் லேசருக்குப் பதில் 10 கிகாபிட் எஸ்எஃப்பி (செருகும் ஆப்டிக்கல் மாட்யூல்), நோடுக்குள் ரிமோட் ஃபை மாட்யூல் (ஹெட்எண்டில் நடந்த சிக்னல் வேலையை நோடிலேயே செய்வது), அதன் பின்னால் ஆம்ப்ளிஃபையர், வீடுகளுக்குச் சிக்னலைப் பிரிக்கும் டேப்.

பெரிய அமெரிக்க கேபிள் நிறுவனமான சார்ட்டரின் திட்டத்தைப் பாருங்கள். 2022 டிசம்பரில் அறிவித்தது 550 கோடி டாலர், வீட்டுக்குச் சுமார் 100 டாலர். நெட்வொர்க்கில் 15 சதவீதத்துக்கு ஹை-ஸ்பிளிட் (அப்லோடுக்கு அதிக அலைவரிசை ஒதுக்குவது) மட்டும். 50 சதவீதத்துக்கு அதோடு ரிமோட் ஃபை. மீதி 35 சதவீதத்துக்குத்தான் இவற்றோடு 1.8 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை. ஆக, ரிமோட் ஃபை நோடு விற்பவருக்கு 85 சதவீதம் திறந்திருக்கிறது, 1.8 ஆம்ப்ளிஃபையர் விற்பவருக்கு 35தான். "டாக்சிஸ் 4.0 பங்கு" என்று மொத்தமாகச் சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் போகும் வழி வேறு. அங்கே ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே அலைவரிசையில் இரு திசையிலும் அனுப்புவது), எதிரொலியை நீக்கும் சில்லு உள்ள ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஒருவருக்குச் செய்த ஆம்ப்ளிஃபையரை அப்படியே மற்றவருக்கு விற்க முடியாது.

தாமதத்தையும் கணக்கில் வையுங்கள். சார்ட்டர் முதலில் சொன்னது 2025 முடிவு, பிறகு 2027 வரை தள்ளிப்போனது. களத்திலும் சிக்கல் உண்டு: ஹை-ஸ்பிளிட்டில் அப்ஸ்ட்ரீம் (வீட்டிலிருந்து போகும் சிக்னல்) 204 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறும், பழைய செட்டாப் பாக்ஸின் கட்டுப்பாட்டு சிக்னல் 70-130-க்குள் இருக்கும், இரண்டும் மோதும். அதைச் சரிசெய்யாமல் அந்த நோடை மாற்ற முடியாது.

பேலன்ஸ்ஷீட்:
முதலில் 10-கே அறிக்கையில் (அமெரிக்க நிறுவனங்களின் ஆண்டறிக்கை) 10 சதவீதத்துக்கு மேல் வாங்கும் வாடிக்கையாளர் யார் என்று தேடுங்கள். ஹார்மோனிக் போன்ற கேபிள் கருவி நிறுவனத்துக்கு ஓரிரு பெயர்களே வருமானத்தின் பெரும்பகுதி. அதில் ஒருவர் கிடங்கைக் காலி செய்யும் வரை ஆர்டரை நிறுத்தினால் இரண்டு காலாண்டு படுத்துவிடும். 2021-22 தட்டுப்பாட்டில் முன்கூட்டியே வாங்கிக் குவித்ததன் விளைவு பிறகு பலரையும் அடித்தது.

அடுத்து சரக்கிருப்பு. உதாரணத்துக்கு, இருப்பு 9 கோடி டாலர், காலாண்டில் விற்ற சரக்கின் அடக்கச் செலவு 6 கோடி என்றால் 135 நாள் சரக்கு. விற்பனை குறையும்போது இது 180-ஐத் தாண்டினால் சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டும் நஷ்டம் வரும் என்று எதிர்பாருங்கள். புதிய ஆர்டரை விற்பனையால் வகுத்து வரும் விகிதம் தொடர்ந்து 1-க்குக் கீழே இருந்தால் வாங்க அவசரப்படாதீர்கள்.

கடனை விட்டுவிடாதீர்கள். காசா சிஸ்டம்ஸிடம் நல்ல மெய்நிகர் சிஎம்டிஎஸ் (கேபிள் மோடங்களை இணையத்தோடு இணைக்கும் அமைப்பு, மென்பொருள் வடிவில்) இருந்தது. ஆனாலும் 2024 ஏப்ரலில் திவால் பாதுகாப்புக் கேட்டது, கேபிள் பிரிவை வெசிமா என்ற கனடிய கருவி நிறுவனம் வாங்கியது. தொழில்நுட்பம் பிழைத்தது, பங்குதாரர் பிழைக்கவில்லை. 2000-ல் 100 டாலருக்கு மேல் இருந்த கார்னிங்கே 2002-ல் ஒரு டாலர் அளவுக்கு வந்தது.

தாமிரபரணி:
மிக்க நன்றி. இந்தியாவிலிருந்து வாங்கினால் நடைமுறை என்ன?

பேலன்ஸ்ஷீட்:
எல்ஆர்எஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ரிசர்வ் வங்கித் திட்டம்) வழியாக ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீத டிசிஎஸ் (வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி). அதை ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீத வரி. ரிட்டர்னில் உள்ள வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிதியாண்டுக்கு அல்ல, காலண்டர் ஆண்டுக்கு நிரப்ப வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். வெசிமா டொரொன்டோவில் பட்டியலான பங்கு, அமெரிக்கப் பங்குகள் மட்டும் தரும் செயலிகளில் கிடைக்காது. வர்த்தகமும் குறைவு, லிமிட் ஆர்டர் (அதிகபட்ச விலையை நீங்களே குறிப்பது) போட்டே வாங்குங்கள்.